குஷன்காரரின் இருமல்

குஷன்காரர் இருமினால் அது சளி இருமல் இல்லை. எங்கள் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். புதிதாக வந்த டாக்டருக்குத்தான் தெரியாது. அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு எக்ஸ்ரேவும் எடுக்கச் சொல்லிவிட்டார். படத்தில் ஒன்றும் இல்லை.

"நுரையீரல் சுத்தமா இருக்கே, அப்புறம் எதுக்கு இப்படி இருமுறீங்க?" என்று கேட்டார்.

குஷன்காரர் சுவரில் மாட்டியிருந்த டிவியைக் காட்டினார். "அங்கதான் டாக்டர் சளி கட்டியிருக்கு."

லாரி, பஸ், வேன் எதுவானாலும் கிழிந்த சீட்டுக்கு ஃபோம் வைத்து ரெக்ஸின் போட்டுத் தைப்பது அவர் தொழில். அதனால் அந்தப் பெயர். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகும் வாரத்தில் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கடையில் போய் உட்கார்ந்து கத்தரித்துக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து கூடவே நின்று ஃபோம் வெட்டிக் கொடுத்த மனைவி, இவருக்கு நோய் வருவதற்கு முன்பே போய்விட்டார். மகளும் மருமகனும் நல்லவர்கள். ஆனால் டயாலிசிஸுக்கு யாரும் துணைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் வருவார். "எனக்குத்தான் ஊசி. அவங்க எதுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்காரணும்?" என்பார்.

சிறு வயதில் ஒரு சினிமாக் கொட்டகையின் சீட்டுகளைத் தைத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு இருந்தது. தையலுக்காகக் காட்சியை நிறுத்த முதலாளிக்கு மனசு வரவில்லை. படம் ஓடும்போதே, ஆள் இல்லாத வரிசையில் குந்தி, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வளைந்த ஊசியால் தைப்பாராம். அப்படியே படம் முழுக்கக் காதில் ஏறிவிடும்.

"அழுகைப் படம் ஓடுனா கைப்பிடி ரெக்ஸினைக் கிள்ளி வச்சிருப்பாங்க தங்கச்சி. சிரிப்புப் படம் ஓடுனா ஸ்பிரிங் போயிரும். குதிச்சுக் குதிச்சு உட்காருவாங்கல்ல. ஸ்பிரிங் போனாத்தான் எனக்கு நல்ல வேலை. அதனால சிரிப்பு நடிகருங்க எல்லாருமே எனக்கு முதலாளிங்கதான்."

என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பிரிவில் கட்டில் விரிப்பு மாற்றுவது, மெஷின் துடைப்பது, நோயாளிகளை எடைக்கருவியில் ஏற்றி இறக்குவது என் வேலை. கடவுள் எனக்குக் கொடுத்த வேலை அது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு விரிப்பையும் இழுத்துச் சொருகுவேன்.

டயாலிசிஸ் என்றால் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. உடம்பு ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் டிவியில் செய்தி போடுவார்கள். அதில் நாலு பேர் சண்டை போடுவதைப் பார்த்தால் ஒருவருக்காவது பிபி ஏறும். சீரியல் போட்டால் அழுகை. குஷன்காரர்தான் மருமகனிடம் சொல்லி, பழைய சிரிப்புப் படங்களாகப் பார்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் அறையே மாறிவிட்டது. எட்டுக் கட்டிலிலும் ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் சிஸ்டர் கண்டிப்பானவர். அவரே மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சீன் முடிகிற வரை வாசலில் நிற்பார்.

ஆனால் அவை பழைய படங்கள். அப்போது எதைக் காட்டினாலும் சிரித்தோம். கால் ஊனம் என்றால் சிரிப்பு, திக்கிப் பேசினால் சிரிப்பு, பிள்ளை பெறாதவள் என்றால் சிரிப்பு, பெண்டாட்டியைப் பளார் என்று அறைந்தால் கைதட்டல். சிரித்த நாங்கள் கெட்டவர்கள் இல்லை. கொட்டகை இருட்டில் பக்கத்துச் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இங்கே டியூப்லைட் வெளிச்சம். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது கட்டிலில் ஒரு கணக்கு வாத்தியார். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஒரு படத்தில் சிரிப்பு நடிகர் கட்டைக்கால் வைத்த வீட்டுச் சொந்தக்காரரைப் போல நொண்டிக் காட்டி ஒரு வசனம் பேசுவார். அந்த இடம் வரப் போவது குஷன்காரருக்கு முன்பே தெரியும். சத்தத்தைக் குறைக்கலாம் என்றால் ரிமோட்டில் அந்தப் பட்டன் தேய்ந்து உள்ளே போய்விட்டது. அந்த இடத்தைத் தாண்டி ஓட்டினால் ஏன் என்று வாத்தியாருக்கே புரிந்துவிடும். என்ன செய்வார்? இருமினார். கட்டிலே ஆடுகிற மாதிரி இருமினார். வசனம் அதில் மூழ்கிவிட்டது.

அடுத்த வாரம் முட்டைக்கடைக்காரம்மாவுக்காக இருமினார். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்குக் கணக்கு வாத்தியாரும் சேர்ந்து இருமினார். கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. குஷன்காரர் ஊசி இல்லாத கையின் விரலைத் தூக்குவார். உடனே வரிசை முழுக்க இருமும். மூலையில் நின்று நானும் இருமுவேன். சிஸ்டரும் தொண்டையைச் செருமுவார். சீன் தாண்டியதும் பழையபடி எல்லோரும் சிரிப்போம். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற நினைப்புதான்.

அப்படி இருக்கும்போதுதான் எட்டாவது கட்டிலுக்கு அந்தப் பெண் வந்தாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. மைதானத்தில் வெயிலில் நின்று, "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி" என்று கத்திக் கத்திக் குரல் கட்டையாகியிருந்தது. நல்ல கறுப்பு. வந்த புதிதில் யாருடனும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு நாள், போட்டோக் கடைக் காட்சி வருகிற படம் ஒன்று ஓடியது. எழுத்துப் போடும்போதே அந்தப் பெண் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். தலையணையை உயர்த்திவிடச் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடவுளே, இவளும் எங்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

குஷன்காரர் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. அந்தப் படத்தில் ஒரு கறுத்த பெண் போட்டோ எடுக்க வருவாள். போட்டோக்காரர் ஒரு விளக்கைப் போடுவார், வெளிச்சம் பத்தவில்லை என்பார். இன்னொரு விளக்கு, அதுவும் பத்தவில்லை. பக்கத்துக் கடை விளக்கு, டீக்கடை விளக்கு, தெருவிளக்கு வரை இழுத்து வந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அதுதான் நகைச்சுவை. படத்தை மாற்றலாம் என்றால், முதன்முதலாகத் திரும்பிப் படுத்தவளின் ஆசையைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. விரலைத் தூக்கிவிட்டார்.

நாங்கள் இருமினோம். அது நீளமான சீன். ஒருவர் மூச்சு வாங்கினால் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. வாத்தியார் மின்விசிறியைப் பார்த்து இருமினார், முட்டைக்கடைக்காரம்மா போர்வையைப் பார்த்து இருமினார், நான் தரையைப் பார்த்து இருமினேன்.

நிமிர்ந்தபோது அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஊசியை எடுத்ததும் ரத்தம் நிற்கிற வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைக்கூடச் சரியாகச் செய்யாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த முறை எட்டாவது கட்டில் காலியாக இருந்தது. சிஸ்டர் போன் செய்தார். அவளுடைய அம்மா எடுத்திருக்கிறார். போனை வைத்துவிட்டு சிஸ்டர் எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"வர மாட்டேங்குதாம். கால் வீங்கிப் போச்சாம். படுத்தா மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்தே தூங்குதாம். இன்னும் ஒரு தடவை விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்."

"ஏன் வர மாட்டேங்குது?" என்றார் வாத்தியார்.

"எல்லாரும் கூட்டமா சேர்ந்து என்னைக் கேலி பண்றாங்கன்னு சொல்லுதாம்."

குஷன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தன் நாலு மணி நேரம் முடிகிற வரை திறக்கவில்லை.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, உனக்கு ஷிப்ட் முடிஞ்சுதா? அந்தப் பிள்ளை உன் பஸ்ஸுலதானே ஏறும். வீடு தெரியுமா?"

"தெரியும் அண்ணே. ஆனா நீங்க இப்பத்தான் எழுந்தீங்க. கால் நடுங்குதே."

"நடுங்கட்டும்."

"கீழ விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றார் சிஸ்டர்.

"விழுந்தா இங்கதானே சிஸ்டர் தூக்கிட்டு வருவாங்க? எப்படியும் உங்க கையிலதான்" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டயர்க் கடைக்கு மேலே மாடி வீடு. கீழே எல் போர்டு மாட்டிய ஸ்கூட்டர் நின்றது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினார். கதவைத் திறந்த அம்மா, என் யூனிபாரத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். அவள் ஜன்னலோரம் நாற்காலியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பாதம் இரண்டும் உப்பிப்போய்ப் பளபளத்தன.

"என்ன பெரியவரே, இங்கயும் வந்து இருமப் போறீங்களா?" என்றாள். ஒரு மூச்சில் சொல்ல முடியாமல் இரண்டாக உடைத்துச் சொன்னாள்.

குஷன்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி, உன்னைப் பார்த்து நாங்க இருமலைம்மா. உனக்காக இருமுனோம். அந்த வசனம் உன் காதுல விழக் கூடாதுன்னு."

அவள் நம்பவில்லை. நான் வாத்தியார் காலைப் பற்றிச் சொன்னேன், முட்டைக்கடைக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன், ரிமோட் பட்டனைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பதறிவிட்டேன். சிரிக்கிறார்!

"ஏன்டி, உலகத்துல எங்கயாவது இப்படி ஒரு கூட்டம் இருக்குமா?"

"நீ சும்மா இரும்மா." அவள் குஷன்காரரைப் பார்த்தாள். "எனக்கு அது வலிக்கும்னு யாரு சொன்னா? கேட்டீங்களா என்கிட்ட?"

"கேக்கல."

"அந்த ஜோக்கு எழுதுனவனுக்கு என்னைத் தெரியாது. எழுதுனான், போனான். உங்களுக்கு என்னைத் தெரியும். நீங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்காம ஃபேனைப் பார்த்தீங்களே, அதுதான் வலிச்சுது."

குஷன்காரர் தலை குனிந்தார். அவள் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் அந்த சீனுக்காகத்தான் எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணைப் பார்க்கறதுக்கு."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டார் பாவம்.

"பார்த்தீங்களா! போட்டோ எடுக்க வருவாளே, அவ."

அவள் அம்மாதான் விளக்கினார். "எங்க வீட்டுல அவளுக்குப் பெரியக்கான்னு பேருங்க. இவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப டிவில அந்தப் படம் வந்தா, 'அம்மா, நம்ம பெரியக்கா வந்துட்டா'ன்னு கத்துவா. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வருவேன். பவுடர் அப்பாம, எங்க கலர்லயே ஒரு பொண்ணு, முழுசா உட்கார்ந்திருக்கறதை வேற எந்தப் படத்துல காட்டுனாங்க?"

"அப்ப அது நல்ல ஜோக்குன்னு சொல்றியாம்மா?" என்று நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"நல்ல ஜோக்கா? மட்டமான ஜோக்கு அக்கா. இன்னைக்கு எவனாவது அப்படி எடுத்தான்னா செருப்பைக் கழட்டுவேன். ஆனா அவ நம்ம ஆளு. ஜோக்கு மட்டமா இருக்குன்னு அவளை விட்டுட முடியுமா?" திரும்பவும் குஷன்காரரிடம், "கடைசியில பல்பு வெடிக்கும்போது அவ என்ன பண்ணுவா, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

"போட்டோக்காரன் ஸ்டூல்லேர்ந்து தொபுக்கடீர்னு விழுவான்..."

"அவன் இல்ல. அவ."

குஷன்காரர் யோசித்தார். அந்தப் படத்தின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும். விளக்கு எரிகிற சத்தம், ஸ்டூல் கிரீச்சிடுவது, பல்பு வெடிப்பது எல்லாம் தெரியும்.

"தெரியலம்மா. கொட்டகையில தச்சுக்கிட்டே கேட்டேன். அப்புறம் கண்ணாலயும் எத்தனையோ தடவை பார்த்தாச்சு. ஆனா நான் அவனைத்தான் பார்த்தேன். அவளைப் பார்க்கவே இல்ல."

அவள் மூச்சுதான் விசில் மாதிரி கேட்டது.

"எனக்குக் காட்டும்மா" என்றார் அவர். "நீ வந்து காட்டுனாத்தான் நான் பார்க்க முடியும். நீ இல்லாம அந்தப் படத்தை நான் போட மாட்டேன். எந்தப் படத்தையும் போட மாட்டேன். எல்லாரும் செய்தியைப் பார்த்து பிபி ஏறிச் சாகட்டும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்புக்குப் பதிலாக இருமல் வந்தது. அது நிஜமான இருமல். நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அம்மா அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "போடி, இவங்களோட போடி, என் தங்கமே" என்று கெஞ்சினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள்.

நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். சாயங்கால ஷிப்டில் ஒரு மெஷின் காலியாக இருந்தது. கடவுள் காலியாக வைத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். டயர்க் கடைக்காரரும் அவர் ஆட்களும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் குஷன்காரர் டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, சீட்டுல ஸ்பிரிங் இல்ல. என் கடைக்கு வா, சும்மாவே போட்டுத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயத்தில்தான் பேசினார் என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். தண்ணீர் இறங்க இறங்க அவள் மூச்சு சமமானது. நான் வாசலுக்கு வெளியே போய் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். நன்றி, நன்றி என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அடுத்த முறை எட்டுக் கட்டிலிலும் ஆள். போட்டோக் கடைப் படம் ஓடியது. குஷன்காரர் விரலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். ஒருவரும் இருமவில்லை. அந்த வசனங்கள் ஒவ்வொன்றாக வந்து அறையில் விழுந்தன. கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இப்ப பாருங்க" என்றாள் அவள்.

பல்பு வெடித்தது. திரையில் இருந்த அந்தப் பெண் குலுங்கிச் சிரித்துவிட்டாள். நடிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. சட்டென்று கையால் வாயைப் பொத்தி, நடிக்க வந்திருக்கிறோம் என்ற நினைவு வந்து முகத்தை நேராக்கிக்கொண்டாள். கண் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகு!

"அட! அந்தப் பொண்ணு நெசமாவே சிரிக்குதுங்க!" என்றார் வாத்தியார்.

"திரும்பப் போடுங்க, திரும்பப் போடுங்க" என்றார் முட்டைக்கடைக்காரம்மா.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். போட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் ஸ்டூலில் இருந்து விழுந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. குஷன்காரர் கண்ணெடுக்காமல் பார்த்து, அந்தப் பெண்ணோடு சேர்ந்தே சிரித்தார். அவர் சிரித்ததில் பிபி ஏறி, மெஷின் கூவி, சிஸ்டர் ஓடி வந்தார்.

அன்றைக்குத்தான் நாங்கள் அந்த இருமலைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்து பேசினோம்.

"என் காலுக்கு இனிமே இருமாதீங்க" என்றார் வாத்தியார். "அந்த நடிகர் நொண்டுறதே தப்பு. கட்டைக்கால் இந்தப் பக்கம்னா உடம்பு அந்தப் பக்கம் சாயணும். அதைப் பார்த்து நான் சிரிக்கலாம்னு இருந்தா, இருமி இருமிக் கெடுத்துட்டீங்க."

"எனக்கு இருமுங்க" என்றார் முட்டைக்கடைக்காரம்மா. "அந்தப் பிள்ளையில்லாத பேச்சு மட்டும் எனக்கு இன்னும் ஆகல. நல்லா சத்தமா இருமுங்க."

"சரிம்மா" என்றோம் எல்லோரும்.

"உங்களுக்கு எதுக்கு இருமணும், பெரியப்பா?" என்று கேட்டாள் எட்டாவது கட்டில் பெண். பெரியவரே என்று அழைத்தவள் எப்போது பெரியப்பாவுக்கு மாறினாள் என்று எனக்குத் தெரியாது. அவரை இத்தனை காலம் நாங்கள் யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

அவர் பென் டிரைவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு படத்துல பொண்டாட்டி பஸ் ஏறி ஊருக்குப் போவா. பஸ் திரும்புனதும் புருஷன் நடுரோட்டுல வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஆடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்க வீட்டுல சொல்லுவா, நான் போனா நீயும் இப்படித்தான் ஆடுவேன்னு. ஆமாடி, ஆடுவேன்னு சொல்லிக் கடையிலயே ஆடிக் காட்டியிருக்கேன். அவளும் விழுந்து விழுந்து சிரிப்பா." பென் டிரைவை என்னிடம் நீட்டினார். "நல்ல படம். மத்ததெல்லாம் நல்லா இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் இருமிவிடுங்க."

அந்த வாரமே அந்தப் படத்தைப் போட்டோம். எல்லோரும் தயாராக இருந்தோம். நான் விரிப்புகளைக் கூட அப்படியே வைத்துவிட்டு மூலையில் வந்து நின்றேன். பெண்டாட்டி பெட்டியில் துணி அடுக்குகிற இடத்திலேயே எட்டாவது கட்டிலில் இருந்து பெரிய இருமல் கிளம்பியது. அவளைப் பார்த்து வாத்தியார் இருமினார், அவரைப் பார்த்து மற்றவர்கள், கூடவே நானும். அறையே அதிர்ந்தது.

குஷன்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, இன்னும் பஸ்ஸே வரல."

"ஐயோ, பிரேக்கை முன்னாடியே பிடிச்சுட்டேனா!" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு யாராலும் இருமவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. திரையில் பஸ் வந்தது. பெண்டாட்டி ஏறினாள். புருஷன் ஆடினான். நாங்கள் சிரித்த சிரிப்பில் எதுவுமே காதில் விழவில்லை. குஷன்காரரும் எங்களோடு சேர்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.